வீடு மாறி வந்த பெட்டி

வாசகர் கேள்வி – பதில்

தவறான வாசலில் இறங்கிய பார்சல், கூடுதலாக வந்த சாமான், ஆள் மாறி விழுந்த பணம் என்று குமரி மாவட்டத்திலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒன்றின் பதில் இன்னொன்றுக்கும் பயன்படும் என்பதால் இந்த இதழில் அவற்றைச் சேர்த்தே தருகிறோம்.

எங்கள் வீட்டுப் பெயர் புத்தன்வீடு. பக்கத்திலேயே அதே பெயரில் இன்னும் இரண்டு வீடு உண்டு. மூன்று வாரத்துக்கு முன்பு கூரியர் பையன் ஒரு பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தால் அறுபதாயிரத்துக்கு மேல் விலையுள்ள செல்போன். பெயர் என் மகன் பெயர்தான், இனிஷியல் மட்டும் வேறு. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. 'கம்பெனிக்கு இன்சூரன்ஸ் இருக்கும். நாம திருடலையே, அவங்களாத்தானே தந்தாங்க' என்கிறான் மகன். எனக்கு மனசு ஒப்பவில்லை. வைத்துக்கொள்ளலாமா? — வாசகி, தக்கலை அருகே

வைத்துக்கொள்ளக் கூடாது. மகன் சொல்லும் காரணங்கள் பலர் வாயிலும் வருபவை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

யாரும் கேட்டு வராததற்குக் காரணம், யாருக்கும் அது தேவைப்படவில்லை என்பதல்ல. கூரியர் பையன் உங்கள் வாசலில் ஸ்கேன் செய்த நொடியில் கம்பெனி கணக்கில் 'டெலிவர்டு' என்று பதிவாகிவிட்டது. பணம் கட்டியவர் போன் போட்டு 'எனக்கு வரவில்லை' என்றால், 'இத்தனை மணிக்கு உங்கள் வீட்டில் கொடுத்தாயிற்று' என்றுதான் பதில் வரும். விலை கூடிய போனுக்கு இப்படிப் புகார் சொல்பவரை ஏமாற்றுக்காரராகத்தான் முதலில் பார்ப்பார்கள். கொண்டு வந்த பையனுக்கோ பார்சலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி. பெட்டி தகராறில் மாட்டினால் அவன் காசில் பிடித்தம் விழுவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். இரண்டு பேர் உண்மை சொல்லியும் நம்பப்படாமல் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்பதற்கான ஒரே ஆதாரம் உங்கள் அலமாரியில் இருக்கிறது. இன்சூரன்ஸ் பேச்சு இங்கேதான் அடிபட்டுப் போகிறது. காப்பீடு இருந்தாலும் அது பொருள் அனுப்பியவரின் நஷ்டத்தை ஈடுகட்டத்தான். உங்களுக்கு அந்தப் போனைச் சொந்தமாக்க அல்ல.

'நாம திருடலையே' என்பது சரி. பெட்டியை வாங்கியபோது அம்மா செய்தது குற்றமில்லை. நம்முடையது என்று நம்பிப் பிரித்ததும் குற்றமில்லை. ஆனால் சட்டம் அதோடு நிற்பதில்லை. தன்னுடையது என்று நல்லெண்ணத்தில் எடுத்தவர், தவறு தெரிந்த பிறகும் அதைத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டால் அது நேர்மையற்ற கையாடல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆம் பிரிவு. முன்பு வெறும் அபராதத்தோடும் முடித்துவிடலாம் என்றிருந்தது. இப்போது குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, கூடவே அபராதம். மகன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிவில் சட்டம் இன்னும் நேரடி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவு: தவறுதலாகப் பணமோ பொருளோ வந்தடைந்தவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 70ஆம் பிரிவுக்கு அந்தச் சட்டமே தரும் உதாரணம் உங்களுக்காக எழுதியது போலிருக்கும்: ஒரு வியாபாரி இன்னொருவர் வீட்டில் தவறுதலாகச் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தன் பொருளாகப் பாவித்தால் விலை கொடுத்தாக வேண்டும். 'மூன்று வருஷம் போனால் நம்முடையதாகிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். வழக்குப் போட மூன்று ஆண்டு வரம்பு இருப்பது உண்மை. ஆனால் தவறுதலை அடிப்படையாகக் கொண்ட வழக்கில், அந்தத் தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, கவனமாக இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் கணக்கு தொடங்கும் (கால வரம்புச் சட்டம் 1963, பிரிவு 17).

இனிச் செய்ய வேண்டியது. போனை ஆன் செய்யாதீர்கள். சிம் போடவே வேண்டாம். சில கம்பெனி போன்களில் ஆன் செய்து இணையத்தில் இணைத்த நாளிலிருந்து வாரண்டி ஓடத் தொடங்கும். பிறகு அது 'பயன்படுத்திய பொருள்' ஆகிவிடும், திரும்ப எடுக்கத் தகராறு வரும். பெட்டியின் மேலிருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) வைத்து வாங்கியவர் போலீசில் புகார் கொடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக அந்தப் போனை முடக்கவும் முடியும். முடங்கிய போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் ஓடாது. இதற்குள் மகன் அதில் சிம் போட்டுப் பார்த்திருந்தால், எந்த எண்ணில் ஓடியது என்பதும் போலீசுக்குப் போகும்.

பெட்டியின் ஆறு பக்கத்தையும், ஒட்டியிருக்கும் லேபிளையும், பிரித்த இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் நான்கு விஷயம் முக்கியம்: டிராக்கிங் எண், ஆர்டர் எண், பெறுபவரின் பெயரும் பின்கோடும், 'திரும்ப அனுப்ப வேண்டிய முகவரி'. பெறுபவரின் போன் எண் பெரும்பாலும் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருக்கும், இல்லையென்றால் சில நாளில் செயலிழக்கும் தற்காலிக எண்ணாக இருக்கும். அதனால் கூரியரின் வாடிக்கையாளர் சேவைக்கு டிராக்கிங் எண்ணைச் சொல்லுங்கள். பொருளை விற்ற ஆன்லைன் தளத்துக்கும் தெரிவியுங்கள். பேச்சோடு விடாமல் மின்னஞ்சலிலோ, செயலியின் சாட் பெட்டியிலோ எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். 'உங்கள் ஆர்டர் எங்கள் கணக்கில் இல்லை' என்று அந்தப் பக்கத்தில் சொல்லக்கூடும். உங்கள் பெயரில் தேடுவதால் வரும் பதில் அது. ஆர்டர் எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்த புத்தன்வீட்டுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். வந்த அன்றே என்றால் அதுவே நல்ல வழி: அவர் செயலியில் ஆர்டரைக் காட்டச் சொல்லி, டிராக்கிங் எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். இப்போது மூன்று வாரம் ஆகிவிட்டது. இதற்குள் அவருக்குப் பணம் திரும்பியிருக்கலாம், வேறு போனே வந்திருக்கலாம். அப்படியானால் இந்தப் பெட்டி அவருடையது அல்ல, விற்றவருடையது. அவரிடம் கொடுப்பது இன்னொரு வீட்டில் அதே சங்கடத்தை உண்டாக்கும். முதலில் கம்பெனியிடம் கேட்டு, பிறகு கொடுங்கள்.

எடுத்துப்போக அவர்கள்தான் வர வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏறும் கடமை உங்களுக்கு இல்லை. வருபவரிடம் அடையாள அட்டையும், அதே டிராக்கிங் எண்ணுக்கான பிக்அப் உத்தரவும் இருக்க வேண்டும். உங்கள் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஓ.டி.பி. கேட்டால், வந்த செய்தியை முழுதாகப் படித்து, பார்சல் திரும்பக் கொடுப்பதற்கானதுதான் என்று தெரிந்த பிறகே சொல்லுங்கள். ரசீதோ, செல்போனில் ஒப்புகைச் செய்தியோ இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டக் கூடாது.

பதினைந்து நாளாகியும் பதில் இல்லையென்றால், திரும்ப அனுப்பும் முகவரிக்கு ஒரு கடிதம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. கவுண்டரில் 'ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷனோடு' என்று கேட்டால், குறிப்பிட்டவர் கையில் மட்டும் கொடுக்கும்படி போகும். கடிதத்தில் நான்கு வரி போதும்: இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள பெட்டி தவறி வந்தது, பத்திரமாக இருக்கிறது, இன்ன நேரத்தில் வந்து எடுக்கலாம், 15 நாளில் எடுக்காவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம். அதன் பிறகும் யாரும் வரவில்லை என்றால் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்து, பெட்டியை ஒப்படைத்து, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள்.

அதுவரை உங்கள் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைப்பீர்களோ அவ்வளவு கவனம் போதும். பூட்டிய அலமாரி, வெயில் படாத இடம். போனில் லித்தியம் பேட்டரி இருப்பதால் அடுப்பங்கரைப் பரணில் வைக்க வேண்டாம். கடலோர வீடென்றால் உப்புக்காற்று போகாதபடி பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்கலாம். அந்தக் கவனத்தையும் மீறிக் கெட்டுப்போனால் அது உங்கள் தலையில் விழாது.

'பெட்டி வேண்டுமென்றால் இரண்டாயிரம் கொடு' என்று பேரம் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். போன் பேசிய செலவு, கடிதச் செலவு கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் நல்ல காரியம் மிரட்டலாக மாறிப் பேசப்படும்.

ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு பிரஷர் குக்கர் ஆர்டர் செய்தேன். வந்தது 750 வாட் மிக்சி, விலை ஆறாயிரத்துக்கு மேல். லேபிளில் என் பெயர், என் முகவரி, குக்கர் என்றுதான் இருக்கிறது. இதுவும் தவறி வந்ததாகுமா? — வாசகர், குலசேகரம்

ஆகும். ஆனால் உங்கள் நிலை முதல் கடிதக்காரரை விடப் பலமானது. நீங்கள் பணம் கட்டியவர், உங்களுக்குக் குக்கர் வர வேண்டியிருக்கிறது. கிடங்கில் ஒரே அளவு அட்டைப்பெட்டிகளில் லேபிள் மாறி ஒட்டுவதால்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. உங்கள் குக்கர் மிக்சி கேட்டவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அவர் இந்நேரம் கத்திக்கொண்டிருப்பார்.

சரக்கு விற்பனைச் சட்டம் 1930 இதில் தெளிவாக இருக்கிறது. கேட்ட பொருளோடு வேறு பொருள் கலந்து வந்தால் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், முழுதையும் மறுக்கவும் செய்யலாம். ஒன்று கேட்டு இரண்டு வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பேசிய விலைப்படி பணம் தர வேண்டும் (பிரிவு 37). மறுத்த பொருளை நீங்களே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 'ஏற்க மறுக்கிறேன்' என்று தெரிவித்தால் போதும் (பிரிவு 43). பலருக்குத் தெரியாத பிரிவு இது. தெரியாததால்தான் சிலர் கைக்காசு போட்டுக் கூரியர் அனுப்புகிறார்கள், சிலர் அலுத்துப்போய் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 42). மிக்சியில் ஒரு தேங்காய்ச் சட்னி அரைத்தாலும் அதே கதைதான்.

செயலியில் 'தவறான பொருள் வந்தது' என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். 'பிடிக்கவில்லை' என்று போட்டால் பிக்அப் கட்டணம் பிடிக்கும் தளங்கள் உண்டு. வந்த பொருளின் மாடல் எண், சீரியல் எண் தெரியும்படி படம் அனுப்புங்கள். எடுத்துப்போக வருபவரின் கருவியில் 'குக்கர்' என்று இருக்கும், கையில் மிக்சியைப் பார்த்ததும் 'பொருள் பொருந்தவில்லை' என்று போட்டுத் திரும்பிப் போய்விடுவார். இந்த வகைத் திருப்பலில் அடிக்கடி சிக்குவது இந்த இடம்தான். அதனால் பிக்அப் பதிவு செய்யும்போதே, 'வந்த பொருள் மிக்சி; அதையே எடுக்க வேண்டும்' என்று உத்தரவில் குறிக்கச் சொல்லுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

'கேட்காமல் வந்த பார்சல் சட்டப்படி பரிசு, திருப்பித் தர வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? — வாசகர், திங்கள்சந்தை

அது அமெரிக்கச் சட்டம். ஆர்டர் செய்யாத சரக்கைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் வியாபாரிகளை அடக்க 1970இல் அங்கே கொண்டு வந்தார்கள். பிரிட்டனிலும் அதுபோல ஒரு விதி உண்டு. அங்கேயும்கூட, வேண்டுமென்றே உங்கள் பெயருக்கு அனுப்பிய சரக்குக்குத்தான் அது. அடுத்த வீட்டுக்காரர் பார்சல் உங்களிடம் வந்தால் அங்கும் அது பரிசல்ல. இந்தியாவில் நமக்கு இருப்பது மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் 70, 72 பிரிவுகள்.

ஆர்டரே செய்யாமல் உங்கள் பெயருக்கு மலிவான மோதிரமோ விதைப் பாக்கெட்டோ வந்தால் அது வேறு விவகாரம். போலி விமர்சனம் எழுதுவதற்காக உங்கள் முகவரியை யாரோ பயன்படுத்தியிருக்கலாம். உள்ளே இருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யாதீர்கள், விதையை மண்ணில் போடாதீர்கள், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் ஒன்றரைப் பவுன் செயின் வாங்கினோம். வீட்டில் வந்து நிறுத்தால் இரண்டு பவுன் இருக்கிறது. கடைக்காரர் பெரிய முதலாளி, அவருக்கு இது தூசு. — வாசகி, சுசீந்திரம்

முதலாளிக்குத் தூசாக இருக்கலாம். ஆனால் நகைக்கடையில் கடை அடைக்கும் முன் ஒவ்வொரு தட்டிலும் எண்ணிக்கையும் எடையும் சரிபார்ப்பார்கள். நான்கு கிராம் குறைந்தால் அந்தக் கவுண்டரில் நின்ற பெண்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று: இரண்டு செயினின் டேக் மாறியிருந்தால், இரண்டு பவுனுக்குப் பணம் கட்டிய ஒருவர் ஒன்றரைப் பவுனோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவருக்கு அது தெரியவருவது, அவசரத்துக்கு அடகு வைக்கப் போகும்போதுதான்.

முதலில் உண்மையிலேயே கூடுதலா என்று பாருங்கள். வீட்டுத் தராசில் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் சாதாரணம். கல், முத்து பதித்த நகையென்றால் ரசீதில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு இருக்கும்; நீங்கள் நிறுத்தது மொத்த எடை. ஒன்றரைப் பவுன் 12 கிராம், இரண்டு பவுன் 16. ரசீதில் நிகர எடை 12 என்று இருந்து, கல்லில்லாத செயின் 16 காட்டினால் சந்தேகமில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்பனைக்கு ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து–எண் அடையாளம் கட்டாயம். கொக்கியருகே லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். ரசீதில் அது அச்சாகியிருந்தால் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் நகை மாறியதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம் என்பதும் வரும்.

ரசீது, டேக், பெட்டியோடு கடைக்குப் போங்கள். கவுண்டரில் கொடுக்காமல் மேலாளரிடம் சொல்லி, கேமரா இருக்கும் இடத்தில் அவர்கள் தராசிலேயே நிறுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஒன்றரைப் பவுன் செயின் கையில் வந்த பிறகு, 'எடை மாறிய நகை இன்ன தேதியில் திரும்பப் பெறப்பட்டது' என்று ரசீதின் மேல் எழுதிச் சீல் வாங்குங்கள். நாளை வேறு கணக்கு இடித்தால் உங்கள் பெயர் இழுபடாது. கனமான செயினே பிடித்துப்போயிற்று என்றால் வித்தியாசம் கட்டி வாங்கலாமா என்று கேட்கலாம். வாங்கிய நாள் விலையில் கணக்குப் போடுவதே இரு தரப்புக்கும் நியாயம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அது இன்னொரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய நகை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கன்னியாகுமரியில் சங்கு, பாசிமணி கடை வைத்திருக்கிறேன். வடநாட்டு சுற்றுலாப் பயணி 250 ரூபாய்க்குப் பதில் 25,000 அனுப்பிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஒருவர் போனில் கூப்பிட்டு, 'என் பணம்தான், இந்த நம்பருக்கு அனுப்புங்கள்' என்கிறார். அனுப்பட்டுமா? — வாசகர், கன்னியாகுமரி

பணத்தைத் திருப்ப வேண்டும். அந்த நம்பருக்கு அனுப்பக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கிலேயே பாருங்கள். செல்போனில் வந்த குறுஞ்செய்தியும், காட்டிய ஸ்கிரீன்ஷாட்டும் ஆதாரமல்ல. 'தவறி அனுப்பிவிட்டேன்' என்று போலிச் செய்தி அனுப்பிவிட்டு, உங்கள் சொந்தப் பணத்தை வாங்கிப் போவது பழைய தந்திரம். வந்திருந்தால், அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, கூப்பிட்டவரிடம் அந்த எண்ணையும், எந்த வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினார் என்பதையும் கேளுங்கள். உண்மையானவர் தன் செயலியைப் பார்த்து உடனே சொல்வார். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

திருப்பும்போது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே. வணிகர் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 'ரீஃபண்ட்' இருக்கும். வியாபார விலை 250ஐக் கழித்து 24,750ஐத் திருப்பலாம். அந்த வசதி இல்லையென்றால் அவரை அவருடைய வங்கியில் புகார் செய்யச் சொல்லுங்கள். அந்த வங்கி உங்கள் வங்கியைக் கேட்கும், நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பணம் வந்த வழியே போய்விடும். இதற்குச் சில நாள் ஆகும், அவர் கோபப்படுவார். பரவாயில்லை.

ஏன் இவ்வளவு கறார்? அந்த 25,000 எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாகவும் இருக்கலாம். அதை நீங்கள் மூன்றாவது கணக்குக்கு அனுப்பினால், போலீஸ் கண்ணில் நீங்கள் ஒரு இடைக்கண்ணி. சங்குக் கடைக் கணக்கு முடங்கி, சீசன் வியாபாரம் முழுக்க அதில் மாட்டிக்கொள்ளும். வந்த கணக்குக்கே திருப்பியிருந்தால் பதில் சொல்லச் சுலபம். சந்தேகம் தட்டினால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை; யாராவது பின் போடச் சொன்னால் போனை வையுங்கள்.

செலவழித்துவிட்டால்? அப்போதும் ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவின்படி கடன்தான்.

மாமா துபாயிலிருந்து கார்கோ பெட்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பெட்டி வந்தது, பிரித்தோம், பிள்ளைகள் சாக்லேட்டையும் பேரீச்சம்பழத்தையும் காலி செய்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அது வேறு ஊர் மேலவிளை வீட்டுப் பெட்டி. மானமே போகிறது. — வாசகி, கருங்கல்

மானம் போக இதில் ஒன்றுமில்லை. எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்தது போலவே ஒரு பெட்டி வந்தால் யாரும் பிரிப்பார்கள். தெரிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் எழுதுங்கள்: பால்பவுடர் டின் எத்தனை, பெர்ஃப்யூம் எத்தனை, கம்பளி, சோப்பு, தின்றது எவ்வளவு. அனுப்பியவரிடம் பொருள் பட்டியலும், பெட்டியின் எண்ணும், கிலோக் கணக்கும் இருக்கும். கார்கோக்காரர் எடை பார்த்துத்தான் காசு வாங்கியிருப்பார். பட்டியல் ஒத்துப்போக வேண்டும். தின்றதை மறைத்து டேப் ஒட்டிக் கொடுத்தால் அந்தப் பழி பெட்டி ஏற்றி வந்தவர்மேல் விழும். நேராகச் சொல்லி, அதே பொருளை வாங்கி வைக்கலாம் அல்லது விலையைக் கொடுக்கலாம். அவர்கள் 'பிள்ளைகள் தின்றது போகட்டும்' என்றால் அது அவர்கள் பெருந்தன்மை. நீங்களாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. மருந்து எதுவும் இருந்தால் உடனே தகவல் சொல்லுங்கள், யாரோ அதற்குக் காத்திருப்பார்கள். உங்கள் மாமா அனுப்பிய பெட்டி எங்கே நிற்கிறது என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

தபால்காரர் வேறொருவரின் பாஸ்போர்ட் கவரைக் கொடுத்துவிட்டார். — வாசகர், குளச்சல்

பிரிக்காமல், கவரின் மேல் 'இந்த முகவரியில் இவர் இல்லை, தவறி வந்தது' என்று தேதியோடு எழுதி, தபால்காரரிடமோ தபால் நிலையக் கவுண்டரிலோ அன்றைக்கே கொடுங்கள். பாஸ்போர்ட், ஏ.டி.எம். கார்டு, காசோலைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இதுவே. தவறி வந்த தபாலை ஏமாற்றும் எண்ணத்தோடு வைத்துக்கொள்வதற்கு 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை இருந்தது. அந்தச் சட்டம் போய் 2024 ஜூனில் புதிய சட்டம் வந்துவிட்டது என்றாலும், மேலே சொன்ன பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு அப்படியே காத்திருக்கிறது.

எங்கள் பார்சல்தான் எப்போதும் அடுத்த வீட்டுக்குப் போகிறது. என்ன செய்ய? — வாசகி, அருமனை

நம் மாவட்டத்து முகவரிகளின் அமைப்பே அப்படி. கிழக்கேவிளை, மேலவிளை, புத்தன்வீடு என்று ஊருக்கு ஊர் ஒரே பெயர். கடற்கரைப் பக்கம் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர். வெளியூர்ப் பையன் வண்டியில் வந்து நின்றால் கண்ணில் படும் முதல் வீட்டில்தான் கேட்பான். முகவரியில் வீட்டுப் பெயரோடு பஞ்சாயத்துக் கதவு எண், அப்பா பெயர் முழுதாக, பக்கத்தில் இருக்கும் சர்ச், கோயில், ரேஷன் கடை ஏதாவது ஒன்று, தாலுகா, இவ்வளவும் இருக்கட்டும். எல்லைப் பகுதிக்காரர்கள் பின்கோடைக் கவனியுங்கள்: குமரி மாவட்டத்துக்கு 629இல் தொடங்கும், திருவனந்தபுரத்துக்கு 695. முதல் மூன்று இலக்கத்தில் பிசகினால் பெட்டி வேறு மாநிலத்துக்குப் போகும். அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் என்ற பத்து எழுத்து–எண் குறியீடு ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் இடத்தைக் குறிக்கும். வாசல்படியில் நின்று டிஜிபின் தளத்தில் எடுத்து முகவரியின் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.

விலை கூடிய பொருளுக்கு ஓ.டி.பி. முறையில் டெலிவரி கேளுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், 'லேபிளில் பெயர், இனிஷியல், கதவு எண் மூன்றும் பார்க்காமல் வாங்காதீர்கள், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள்' என்று சொல்லி வையுங்கள். பணம் கொடுத்து வாங்கும் பார்சல் என்றால், ஆர்டர் செய்தவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகே காசை எடுக்க வேண்டும்.